செப்டெம்பர் கட்டணமும் ஏப்ரல் கழிவும்: கனடாவில் சிறாரின் இசைக் கல்விக்கான வரிச் சலுகை குறித்து

2011 மார்ச் 22ஆம் நாள் கனடாவின் நிதியமைச்சர் ஜிம் ஃபிளாகெர்ட்டி நாடாளுமன்றத்தில் முன்வைத்த வரவுசெலவுத் திட்டத்தில் சிறார் கலை வரிக்கழிவு என்னும் புதிய ஏற்பாடு இருந்தது. சில நாள்களில் அரசு கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் ஸ்டீவன் ஹார்ப்பரின் கன்சர்வேற்றிவ் கட்சி பெரும்பான்மையோடு திரும்பியதும், ஜூன் மாதத்தில் அதே ஏற்பாடு மீண்டும் கொண்டுவரப்பட்டு அந்த வரியாண்டு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 16 வயது நிரம்பாத பிள்ளையின் இசை, நடன, நாடக, ஓவிய வகுப்புகளுக்குப் பெற்றோர் கட்டும் பணத்தில் 500 டொலர் வரை கணக்கில் காட்டலாம். அதில் 15 விழுக்காடு, ஒரு பிள்ளைக்கு 75 டொலர், அவர்கள் செலுத்தவேண்டிய மத்திய வருமான வரியில் குறையும். ஆட்சி மாறிய பின், 2016இல் நிதியமைச்சர் பில் மோர்னோ அந்த 500ஐ 250 ஆக்கினார். 2017 முதல் சலுகையே இல்லை.

சலுகையை ஒழித்தவர்கள் அதன் குறைகளாகச் சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். வசதியுள்ளவருக்கே அது கைகொடுத்தது. புதிதாகப் பாடவோ வாசிக்கவோ வந்த பிள்ளைகள் அதனால் மிகக் குறைவு. ஆனால் அந்தச் சலுகைக்குள் ஓர் அரிய பண்பும் இருந்தது. எந்த இசை கற்கத் தகுந்தது என்று அரசு அதில் தீர்ப்புச் சொல்லவில்லை. பியானோவுக்குக் கிடைத்த 75 டொலர் மிருதங்கத்துக்கும் கிடைத்தது. குறையைக் களைய வந்தவர்கள் அந்தப் பண்பையும் சேர்த்துக் களைந்துவிட்டார்கள் என்பதும், அதை வேறு வடிவில் மீட்க முடியும், மீட்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சலுகையின் பொறிமுறை. வருமானத்திலிருந்து ஒரு செலவைக் கழிக்க அனுமதித்தால், உயர்ந்த வரி விகிதத்தில் இருப்பவருக்குக் கூடுதல் நன்மை கிடைக்கும். கனடா அந்த வழியை எடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே 15 விழுக்காடு என்று வைத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது சமநீதி. ஆனால் இது மீளளிக்காத கழிவு: செலுத்தவேண்டிய வரி இருந்தால்தான் அதில் குறையும், வரியே இல்லாதவருக்குக் குறைக்க ஒன்றுமில்லை, கையில் தருவதற்கும் சட்டத்தில் இடமில்லை.

2011இல் தனியாக இரு பிள்ளைகளை வளர்க்கும் தாய் ஒருவர் ஆண்டுக்கு 20,000 டொலர் உழைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அடிப்படை விலக்குத் தொகை 10,527 டொலர். துணையின்றிப் பிள்ளை வளர்ப்பவர் என்பதால் அதே அளவுக்கு இன்னொரு தொகை. இரண்டையும் கூட்டினால் 21,054. மத்திய வரி ஏற்கெனவே பூச்சியம். அவர் தன் மகளின் வாய்ப்பாட்டு வகுப்புக்கு 500 டொலர் கட்டிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தாலும் ஒட்டாவாவிலிருந்து அவருக்கு ஒரு சதமும் வராது. அதே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் இன்னொரு பிள்ளையின் பெற்றோர் இருவரும் நல்ல சம்பளத்தில் இருந்தால் அவர்களுக்கு 75 டொலர் முழுதாகக் குறையும். சட்டத்தின் எழுத்தில் பாகுபாடு கிடையாது. விளைவில் இருக்கிறது.

இந்தக் குறையை அரசு அறியாமல் இருக்கவில்லை. 2007இல் தொடங்கிய சிறார் உடற்பயிற்சி வரிக்கழிவும் இதே வார்ப்பில் செய்யப்பட்டதுதான். அதன் உச்சவரம்பு 2014இல் 1,000 டொலராக உயர்ந்தது. 2015இலிருந்து அது மீளளிக்கும் கழிவாகவும் மாறியது, வரி கட்டாத குடும்பத்துக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. கலைக்கான கழிவு மட்டும் பிறந்தபோது இருந்த இடத்திலேயே நின்றது. ஹொக்கி ஆடும் ஏழைப் பிள்ளைக்குத் திறந்த கதவு வயலின் படிக்கும் ஏழைப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. இசை என்பது வசதிக்குப் பின் வரும் அணிகலன் என்ற எண்ணம் வரவுசெலவுத் திட்டம் எழுதுபவர்களிடமும் வேரூன்றியிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

மாகாணங்கள் பலவாறு நடந்துகொண்டன. பிரிட்டிஷ் கொலம்பியா 2012இல் தன் பங்குக்கு ஒரு கழிவைச் சேர்த்தது. 500 டொலரில் 5.06 விழுக்காடு, ஆக மொத்தம் 25 டொலர் 30 சதம். இவ்வளவு சிறிய தொகைக்காக ஒரு படிவ வரியும், அதைச் சரிபார்க்க ஓர் அலுவலர் அமைப்பும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. 2017க்குப் பின் அதுவும் நீக்கப்பட்டது. கனடாத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாழும் ஒன்ராறியோ சற்று நன்றாகச் சிந்தித்தது. 2010இல் அங்கு வந்த சிறார் செயற்பாட்டுக் கழிவு 500 டொலர் செலவுக்கு 50 டொலர் தந்தது. அது மீளளிக்கும் கழிவு. விளையாட்டு, இசை, நடனம், நாடகம், மொழி வகுப்பு எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. மேலே சொன்ன தாய்க்கு ஒன்ராறியோவின் 50 டொலராவது கிடைத்திருக்கும். 2016 முடிவோடு அதுவும் நின்றது. ஆக 2017 தை பிறந்தபோது, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிள்ளையை வீணை வகுப்புக்கு அனுப்பும் குடும்பத்துக்கு மத்திய அரசும் இல்லை, மாகாண அரசும் இல்லை.

யாருக்குப் போனது என்பதோடு எப்போது போனது என்பதையும் கேட்க வேண்டும். கனடாவில் இசை வகுப்புகள் பள்ளியாண்டோடு ஒட்டிச் செப்டெம்பரில் தொடங்குகின்றன. அந்த மாதத்தில்தான் புது உடுப்பு, பள்ளிப் பை, குளிருக்கான முன்னேற்பாடு என்று செலவுகள் வரிசையில் நிற்கும். கட்டணம் அப்போதே வேண்டும். வரிக்கணக்கைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் அடுத்த ஏப்ரல் 30. பணம் திரும்பி வருவது அதையொட்டி, ஏழு எட்டு மாதங்கள் கழித்து. சேமிப்புள்ள குடும்பத்துக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. மாதக் கடைசியில் வாடகைக்கு எண்ணி வைக்கும் குடும்பத்துக்கு அந்த இடைவெளியே முழுத் தடை. மீளளிக்கும் கழிவாக மாற்றியிருந்தாலும் இந்தத் தடை விலகியிருக்காது. பின்னால் தருவேன் என்னும் உதவி, முன்னால் கட்ட முடிந்தவருக்கு மட்டுமே உதவி.

இந்த ஊகத்துக்கு ஆய்வு ஆதாரம் உண்டு, கலைக் கழிவின் உடன்பிறப்பிடமிருந்து. அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்பென்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் உடற்பயிற்சிக் கழிவைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோரில் 55.5 விழுக்காட்டினர் அப்படியொரு கழிவு இருப்பதை அறிந்திருந்தனர். வருமானத்தில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள் அறிந்திருந்ததும் குறைவு, கோரியதும் குறைவு. கோரிப் பெற்றவர்களிலும் 15.6 விழுக்காட்டினர் மட்டுமே தம் பிள்ளை கூடுதலாகப் பங்கேற்க அது காரணமாயிற்று என்றனர். மற்றவர்கள் எப்படியும் செய்யவிருந்த செலவுக்கே அரசு பணம் கொடுத்திருக்கிறது. இசை வகுப்புகளில் நிலைமை இதைவிட மேலாக இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. தொகையை நோக்கினாலே தெரியும்: வாரம் 30 டொலர் வீதம் 40 வாரம் படிக்கும் பிள்ளைக்கு 1,200 டொலர் ஆகிறதென்றால், 75 டொலர் என்பது அதில் பதினாறில் ஒரு பங்கு. அதற்காக ஒரு குடும்பம் மனத்தை மாற்றிக்கொள்ளாது.

ஆகவே 2016இல் அரசு சொன்ன காரணம் வலுவானது. சிதறிக் கிடந்த சிறு சலுகைகளை ஒழுங்குசெய்து, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும் கனடா சிறார் கொடுப்பனவை அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கினார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,400 டொலர் வரை, அதற்கு மேல் 17 வயது வரை 5,400 டொலர் வரை, மாதந்தோறும், வரியில்லாமல். நம் எடுத்துக்காட்டுத் தாய்க்கு இது எந்தக் கலைக் கழிவையும் விடப் பன்மடங்கு பெரிய உதவி. இதை மறுப்பவர் ஏழைக் குடும்பங்களின் நலனைக் கருதிப் பேசவில்லை.

ஆனால் இங்கே ஒரு படி மேலே யோசிக்க வேண்டியிருக்கிறது. பொதுக் கொடுப்பனவு என்பது ரொறன்ரோவில் முதலில் வாடகைக்குப் போகும், பின்பு சாப்பாட்டுக்கு, பின்பு பேருந்து அட்டைக்கு. அந்த வரிசையில் பாட்டு வகுப்பு கடைசி. அந்தத் தாயின் முடிவு சரியானது. அவருக்குப் புத்தி சொல்ல அரசுக்கு உரிமை கிடையாது. அதனாலேயே, பிள்ளையின் கலைக் கல்வியை அந்த வரிசைக்கு வெளியே எடுத்து வைப்பது சமூகத்தின் கடமையாகிறது. நூலகத்துக்குப் பதிலாகப் புத்தகம் வாங்கப் பணம் தருவதில்லை. நூலகத்தையே திறந்து வைக்கிறோம். கனடா 1991இல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு, பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் முழுமையாகப் பங்கேற்கும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. பெற்றோரின் வங்கிக் கணக்கு அதில் நிபந்தனையாக எழுதப்படவில்லை.

ஒப்பீட்டுக்கு இன்னொரு கழிவைப் பார்க்கலாம். பதிவுபெற்ற அறநிறுவனமான ஒரு சிம்பொனி இசைக்குழுவுக்கு ஒருவர் 1,000 டொலர் நன்கொடை கொடுத்தால், கலைக் கழிவு இருந்த ஆண்டுகளில் முதல் 200 டொலருக்கு 15 விழுக்காடும் மிகுதி 800க்கு 29 விழுக்காடுமாக 262 டொலர் மத்திய வரியில் குறைந்தது. இந்தச் சலுகை 2017இல் ஒழிக்கப்படவில்லை. அதே 1,000 டொலரைத் தன் பிள்ளைக்கு இசை கற்பிக்கச் செலவிட்ட பெற்றோருக்கு அன்று கிடைத்தது 75, இன்று கிடைப்பது ஒன்றுமில்லை. நன்கொடைச் சலுகை கூடாது என்று நான் வாதிடவில்லை. வரிச்சட்டத்துக்குள் கலையைக் கொண்டுவரவே கூடாது என்ற கொள்கையை அரசு இசைக்குழுக்களுக்குப் பொருத்தவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் பொருத்தியது என்பதைச் சுட்டுகிறேன். வரிச் சலுகையும் அரசின் செலவுதான் என்று 1967இல் அமெரிக்க நிதித்துறையில் இருந்த ஸ்டான்லி சர்ரி வலியுறுத்தியதிலிருந்து, இப்படி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொதுநிதி ஆய்வின் வழக்கமாகிவிட்டது. கனடாவும் தன் வரிச் செலவினங்களைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது.

இனி அந்த நடுநிலைப் பண்பு. அரசு கலைக்குப் பணம் கொடுக்கும் வழக்கமான வழி மானியம். மானியம் பெற ஓர் அமைப்பு வேண்டும், அதற்கு நிர்வாகக் குழு வேண்டும், விண்ணப்பத்தை அதிகாரிகளின் நடையில் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும், தேர்வுக் குழுவில் அந்தக் கலையை அறிந்த ஒருவராவது இருக்க வேண்டும். 1886இல் தொடங்கிய ரொறன்ரோ றோயல் கொன்சர்வேற்றரிக்கு இவையெல்லாம் பழகிய வழி. தன் வீட்டு நிலவறையில் சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துத் தாளம் போடக் கற்பிக்கும் மிருதங்க ஆசிரியருக்கு இந்த வழி மூடியே இருக்கிறது. கலை வரிக்கழிவு அவரிடம் இவை எதையும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறையாகத் தொடர்ந்து எட்டு வாரம் நடக்கும் பயிற்சி, பள்ளிப் பாடத்திட்டத்தின் பகுதியாக இல்லாதது, முறையான பற்றுச்சீட்டு. இவ்வளவே. தேர்வு பெற்றோருடையது. வட இலங்கை சங்கீத சபையின் தேர்வுத் தரங்களைப் படிப்படியாகக் கடந்து வந்த தலைமுறை, தன் பிள்ளைகளுக்கும் அப்படியொரு ஒழுங்கான பயிற்சியைப் புலம்பெயர்ந்த மண்ணில் தேடுவது இயல்பு. அந்தப் பயிற்சிக்கு மொசார்ட் கற்கும் பிள்ளைக்கு இருந்த அதே மதிப்பைக் கனடா அரசு ஆறு ஆண்டுகள் தந்தது. 1988ஆம் ஆண்டின் பல்பண்பாட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டிப் பேசும் விழாமேடை உரைகளை விட, வரிப் படிவத்தில் இருந்த அந்த ஒரு வரி உண்மையான பல்பண்பாட்டுக் கொள்கை.

அது முழுமையானதாக இருந்தது என்று சொல்லவில்லை. வகுப்புக் கட்டணம் மட்டுமே கணக்கில் வந்தது. பெற்றோர் வாங்கும் வயலினோ வீணையோ வரவில்லை. கர்நாடக இசையில் கருவியின் விலை சிறியதில்லை. வீணையோ மிருதங்கமோ பெரும்பாலும் ஊரிலிருந்து வருவிக்க வேண்டியது, கனடாவின் வறண்ட பனிக்காலத்தில் தோலும் மரமும் படும் பாட்டைச் சரிசெய்யத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. பற்றுச்சீட்டு வழக்கமும் எல்லா வகுப்புகளிலும் இல்லை. மாதக் கட்டணத்தை உறையில் போட்டு ஆசிரியர் கையில் கொடுத்து வணங்கிவிட்டு வரும் மரபில், பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் எழுதிய சீட்டைக் கேட்பது சில பெற்றோருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் போக வேண்டியதுதான். ஆசிரியரின் உழைப்பு எழுத்தில் பதிவாவது ஆசிரியருக்கும் நல்லது.

மறுபுறத்தில் ஸ்கொட்லாந்தின் வழி இருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளில் கருவியிசைப் பயிற்சிக்கு உள்ளூராட்சிகள் வசூலித்து வந்த கட்டணம் 2021–22 பள்ளியாண்டிலிருந்து நீக்கப்பட்டது. பற்றுச்சீட்டும் இல்லை, ஏப்ரலும் இல்லை. பிள்ளை வகுப்புக்குப் போனால் போதும். ஏழைப் பிள்ளையைச் சென்றடைவதில் எந்த வரிக்கழிவும் இதற்கு ஈடாகாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இசைக் கல்விக்கு இதுவே சரியான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பள்ளி எதைக் கற்பிக்கிறதோ அது மட்டுமே அங்கு இலவசம். பள்ளியின் ஊதியப் பட்டியலில் வயலின் ஆசிரியர் இருப்பார், எக்காளம் ஊதக் கற்பிப்பவர் இருப்பார். நாகசுரம் கற்பிப்பவர் இருக்கப் போவதில்லை. பெரும்பான்மையின் இசை இலவசமாகவும் சிறுபான்மையின் இசை முழுக் கட்டணத்திலும் கிடைக்கும் ஊரில், இரண்டாம் தலைமுறைப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேற்சொன்ன உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு, சிறுபான்மை இனத்துப் பிள்ளை தன் பண்பாட்டைத் தன் சமூகத்தோடு சேர்ந்து துய்க்கும் உரிமையைக் காக்கிறது. 31ஐ நிறைவேற்றும் வழி 30ஐ அரிக்கக்கூடாது.

இரண்டையும் காக்கும் முயற்சிகள் உண்டு. கியூபெக் 2013இல் தொடங்கிய கழிவு 5 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்கானது, விளையாட்டும் கலையும் சேர்ந்தது, 20 விழுக்காடு. கணக்கில் வரும் செலவு முதலாண்டில் 100 டொலர், பின்பு ஆண்டுக்கு 100 வீதம் உயர்ந்து 2017இல் 500. அப்போது பிள்ளைக்கு 100 டொலர் கிடைத்தது. அது மீளளிக்கும் கழிவு, குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பும் இருந்தது. சஸ்கச்சுவான் தன் குடும்பச் செயற்பாட்டுக் கொடுப்பனவை 2016இல் நிறுத்தி, 2021இல் 60,000 டொலர் வருமான வரம்போடு மீண்டும் கொண்டுவந்தது. யாருக்கு என்ற கேள்விக்கு இவை நல்ல விடைகள். எப்போது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அதற்கு விடை சொன்னது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். 2019 தொடக்கத்தில் அம்மாநிலம் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 டொலர் பெறுமதியான கலைப் பற்றுறுதிச் சீட்டைத் தந்தது. பெற்றோர் இணையத்தில் விண்ணப்பித்துச் சீட்டெண்ணைப் பெற்று, பதிவுசெய்த ஆசிரியரிடம் கொடுப்பார்கள். கட்டணம் அந்த இடத்திலேயே குறையும். ஆசிரியர் அரசிடமிருந்து பெற்றுக்கொள்வார். காத்திருக்கும் சுமை குடும்பத்திடமிருந்து அரசுக்கு மாறியது. 2024 பெப்ரவரியில் அதை விளையாட்டுச் சீட்டோடு இணைத்து, 50 டொலர்ச் சீட்டுகள் இரண்டாக்கி, அரசின் குடும்ப உதவி பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். தொகை சிறுத்தது வருத்தம்தான். ஆனால் தேவையுள்ள குடும்பத்துக்கு, தேவைப்படும் நாளில், அவர்கள் விரும்பும் கலைக்கு என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு அதுவே.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் ஒன்று கவனிக்கத் தக்கது: சீட்டு வந்தால் ஆசிரியர்கள் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள், உதவி அவர்கள் பைக்குப் போகும். ஆசிரியர் ஒருவரே இருக்கும் சிற்றூரில் அது நடக்கலாம். ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் கற்பிப்பவர்கள் பலர். பெற்றோர் ஒருவரோடொருவர் விசாரித்தே வகுப்பைத் தேர்கிறார்கள். தவிர, சீட்டு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றால், வகுப்பில் உள்ள மற்றப் பெற்றோருக்கும் சேர்த்துக் கட்டணத்தை உயர்த்துவது எளிதாக இராது. ஆசிரியர்கள் பதிவுசெய்ய வேண்டும், பொலிஸ் சான்றிதழ் பெற வேண்டும் என்பது சுமை என்றும் சிலர் சொல்லக்கூடும். பிள்ளைகளோடு தனியறையில் இருப்பவருக்கு அந்தச் சான்றிதழ் எப்படியும் இருக்க வேண்டும்.

ஒன்ராறியோவுக்கு வெளிநாட்டு முன்மாதிரிகூடத் தேவையில்லை. 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழிவந்த ஒழுங்குவிதி அங்கு இன்றும் நடைமுறையில் உள்ளது: ஒரு மொழியைக் கற்பிக்கும்படி 25 பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளிச் சபை அந்த வகுப்பைத் தொடங்க வேண்டும், வாரம் இரண்டரை மணி நேரம் வரை. நம் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் தமிழ் எழுதக் கற்பது இந்த விதியால்தான். எந்த மொழி என்பதை மாகாணம் தீர்மானிப்பதில்லை, பெற்றோர் தீர்மானிக்கிறார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் தருவது பள்ளிச் சபை. நடுநிலையும் இலவசமும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு, அரை நூற்றாண்டாக நடந்துவரும் சான்று இது. மொழிக்கு வகுத்த இந்த விதியை இசைக்கும் நீட்டினால், 25 பிள்ளைகள் சேரும் இடங்களில் மிருதங்க வகுப்பு பள்ளிக்குள் வரும். அத்தனை பேர் சேராத நாகசுரம், வீணை போன்றவற்றுக்கு முன்கூட்டியே தரப்படும் சீட்டு வேண்டும்: செப்டெம்பருக்கு முன் கையில் கிடைப்பதாக, சிறார் கொடுப்பனவுக்காக அரசிடம் ஏற்கெனவே இருக்கும் வருமான விவரத்தைக் கொண்டே தகுதி தீர்மானிக்கப்படுவதாக, கருவியை வாடகைக்கு எடுக்கவும் பயன்படுவதாக. இரண்டுக்கும் புதிய வரிச்சட்டம் எதுவும் வேண்டாம். ஒழுங்குவிதியில் ஒரு திருத்தமும், மாகாண வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு செலவுத் தலைப்பும் போதும்.